ஒரே பானம், வேறு சுவை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

அதே பால், அதே தேயிலை, அதே கைப்பக்குவம். ஆயினும் நேற்று விரும்பிக் குடித்த தேநீரை இன்று நோயாளி ஒரு மிடறு பருகியதும் தள்ளிவைக்கிறார், கசக்கிறது என்கிறார். பராமரிப்பவர் தாமும் சிறிது குடித்துப் பார்க்கிறார். அவருக்கு எந்த வேறுபாடும் தென்படவில்லை. இவ்விடத்தில் நோயாளி அடம்பிடிக்கிறார் என்ற முடிவுக்கு வருவது எளிது. பெரும்பாலும் அது தவறான முடிவு. இருவரும் தத்தம் நாவுக்கும் மூக்கிற்கும் தெரிந்ததையே சொல்கிறார்கள்.

தேநீர், காபி, குடிநீர், மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகிய அன்றாடப் பானங்களின் சுவை ஏன் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறித் தோன்றுகிறது என்பதை இப்பக்கம் விளக்குகிறது. சுவை மாறியதால் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்ளும் முதியவருக்கு நீரிழப்பு ஏற்படுகிறது. இனிப்பு உறைக்காததால் கூடுதல் சர்க்கரை சேர்த்துக்கொள்பவருக்கு நீரிழிவு கட்டுப்பாட்டை இழக்கிறது. சுவை நன்றாக இருக்கிறது என்பதற்காகவே பாதுகாப்பற்ற நீரை நம்பிக் குடிப்பவர்களும் உண்டு. எனவே எப்போது நாவின் சொல்லைக் கேட்க வேண்டும், எப்போது கேட்கக் கூடாது என்பதை நீங்கள் அறிந்திருத்தல் நலம்.

சுவை எங்கே உணரப்படுகிறது?

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, ‘உமாமி’ எனப்படும் இறைச்சிச்சாறு போன்ற சுவை ஆகிய ஐந்தையும் இன்றைய உடலியல் அடிப்படைச் சுவைகளாகக் கொள்கிறது. இவற்றுள் கடைசியானதை 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா இனங்கண்டார். நம் மரபு சொல்லும் அறுசுவையில் கார்ப்பும் துவர்ப்பும் இடம்பெறுகின்றன. இவ்விரண்டையும் உடலியலாளர் சுவை என்று எண்ணாமல், வாயின் தொடு உணர்வு, எரிச்சல் உணர்வு ஆகியவற்றோடு சேர்ப்பர். பெயர் எதுவாயினும், தேநீரைப் பற்றிப் பேசும்போது துவர்ப்பை விட்டுவிட்டுப் பேச இயலாது என்பதில் மரபின் கணக்கே நமக்கு உதவுகிறது.

சுவை மொட்டுகள் நாவில் மட்டுமன்றி, மேலண்ணத்திலும் தொண்டையிலும் உள்ளன. நாவின் நுனியில் இனிப்பு, பின்புறம் கசப்பு எனப் பிரித்துக் காட்டும் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். அது 1901-ஆம் ஆண்டின் ஒரு ஜெர்மானிய ஆய்வைப் பிற்காலத்தில் பிழையாக விளங்கிக்கொண்டதால் பரவிய படம். நாவில் சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் அறியக்கூடியவை.

நாம் ‘சுவை’ என்று சொல்வதில் மிகப் பெரிய பங்கு உண்மையில் மணத்தினுடையது. பானத்தை விழுங்கும்போது அதன் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்கின் மேற்பகுதியை எட்டுகிறது. இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. மூக்கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு காபியை அருந்துங்கள். கசப்பும் இனிப்பும் சூடும் தெரியும். அது காபி என்பது தெரியாது. விரல்களை எடுத்த நொடியில் காபி திரும்பி வரும். சளி பிடித்தவர் ‘வாய்க்கு எதுவும் ருசிக்கவில்லை’ என்பதும் இதனால்தான்; அவருடைய நா பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

ஒத்த இரண்டு பானங்கள் ஏன் வேறுபடுகின்றன?

முதற்காரணம் வெப்பநிலை. இனிப்பை உணரும் செல்களில் உள்ள ஓர் அயனி வாயில், சூடு ஏறும்போது கூடுதலாகச் செயல்படுகிறது என்பதை 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே குளிர்ந்த பானத்தில் இனிப்பு மட்டுப்பட்டும், வெதுவெதுப்பான பானத்தில் மிகுந்தும் தெரியும். குளிர்பானத்தை வெளியில் வைத்துவிட்டுப் பிறகு குடித்தால் திகட்டுவதற்கு இதுவே பெருங்காரணம். அளவில் சர்க்கரை மாறவில்லை. அதை நாம் உணரும் விதம் மாறியிருக்கிறது.

அடுத்தது துவர்ப்பு. தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து, அதன் வழுவழுப்பைக் குறைக்கின்றன. நா வறண்டு இறுகுவது போன்ற உணர்வு அதனால் எழுகிறது. பால் சேர்த்தால் அந்தப் பொருள்கள் பாலின் கேசீன் என்னும் புரதத்தோடு முன்னதாகவே பிணைந்துவிடுவதால் துவர்ப்பு தணிகிறது. பாலின் வகையும் இங்கே வேறுபாட்டைத் தரும். இந்திய உணவுத் தர விதிகளின்படி இருநிலை சமன்படுத்திய பாலில் 1.5 சதவீதமும், சமன்படுத்திய பாலில் 3 சதவீதமும், நிலைப்படுத்திய பாலில் 4.5 சதவீதமும், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் கொழுப்பு இருக்க வேண்டும். இதயநோய்க்காகப் பால் வகையை மாற்றிய வீட்டில் ‘காபி தண்ணீராக இருக்கிறது’ என்ற புகார் எழுவது இயல்பு. பால் கலப்படம் என்று ஐயுறும் முன் உறையைப் படித்துப் பாருங்கள்.

காபியின் கசப்பில் காஃபீனின் பங்கு ஓரளவே. வறுக்கும்போது உண்டாகும் பொருள்கள் அதைவிடக் கூடுதலான கசப்பைத் தருகின்றன. சிக்கரி கலந்த தூளில் நிறமும் அடர்த்தியும் மிகும். சிக்கரியில் காஃபீன் கிடையாது. ஆகவே கருத்து, கசந்து இருக்கும் டிகாக்ஷனில் காஃபீன் மிகுதி என்று கணக்கிடுவது பொருந்தாது. காஃபீனைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியிருந்தால், தூளின் கலவை விகிதத்தையும் ஒரு நாளில் அருந்தும் கோப்பைகளின் எண்ணிக்கையையும் கவனியுங்கள்.

பின்னது, முன்னர் வாயில் இருந்த பொருள். நெல்லிக்காய் தின்று நீர் குடித்தால் அந்நீர் இனிப்பது தமிழ்நாட்டுச் சிறுவர் அனைவரும் அறிந்தது. நீரில் இனிப்பு ஏதும் இல்லை. நாவில் தங்கியிருந்த சுவை விலகும்போது எழும் தோற்றம் அது. இதற்கு நேர்மாறானது சிறுகுறிஞ்சான். அதன் இலையை மென்றால் அதிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் ஏற்பிகளைச் சில நிமிடங்களிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை மறைத்துவிடும். அதன்பின் சர்க்கரை இட்ட காபி வெறும் கசப்பாகவே தெரியும். சர்க்கரை இரத்தத்தில் சேராமல் போவதில்லை என்பதை நீரிழிவு உள்ளோர் மறக்கலாகாது. பல் துலக்கியவுடன் ஆரஞ்சுச் சாறு கசப்பதும் இவ்வகையே: பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கப்படும் பொருள் இனிப்பை மங்கச் செய்து கசப்பைத் தூக்கிக் காட்டுகிறது.

குடிநீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உமிழ்நீரில் சோடியம் முதலிய உப்புகள் எப்போதும் உள்ளன. நா அவற்றுக்குப் பழகியிருக்கிறது. உப்புகள் ஏறக்குறைய நீக்கப்பட்ட சுத்திகரிப்பு இயந்திர நீர் சப்பென்றோ இலேசான கசப்பாகவோ தோன்றுவது அந்தப் பழக்கத்தால்தான். காய்ச்சி ஆறிய நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுவதால் அதுவும் சப்பென்று இருக்கும். தூய பாத்திரங்கள் இரண்டில் மாற்றி மாற்றி ஆற்றினால் சுவை ஓரளவு மீளும். மண்பானை நீரின் மணம் வேறு. மழைமண்ணின் மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளை மனித மூக்கு மிக நுண்ணிய அளவிலும் கண்டுகொள்ளும்.

ஒவ்வொருவர் நாவும் ஒன்றல்ல

1931-இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் ஆய்வகத்தில் ஒரு தூளைக் கொட்டியபோது, அது காற்றில் பறந்து அருகிலிருந்தவரின் வாயில் கடுங்கசப்பாகப் பட்டது. ஃபாக்ஸுக்கோ எச்சுவையும் தெரியவில்லை. அத்தூள் ஃபீனைல்தயோகார்பமைடு. அதன் கசப்பை ஒருவர் உணர்வதும் உணராததும் பெரும்பாலும் ஒரே மரபணுவைப் பொறுத்தது என்பது 2003-இல் உறுதியானது. கசப்பை அறிய நம் உடலில் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் உள்ளன. அவற்றின் அமைப்பு ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும். சாக்கரின் போன்ற செயற்கை இனிப்புகள் சிலருக்கு இனிப்பாகவும் சிலருக்குப் பின்கசப்போடும் தெரிவது இதனால்தான். ஒரு குடும்பத்தில் ஒருவர் விரும்பும் சர்க்கரையில்லாப் பானத்தை மற்றவர் வெறுத்தால், வேறு வகை இனிப்பூட்டியை மருத்துவரின் ஆலோசனையோடு முயன்று பார்க்கலாம்.

எவ்வளவு மாறினால் தெரியும்?

ஒரு சுவையில் நாம் உணரும் மிகச் சிறிய மாற்றம் அதன் தொடக்க அளவைப் பொறுத்தது. இனிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை மாறினால்தான் பலரால் வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியும். இது நீரிழிவு உள்ள வீட்டுக்கு மிகவும் பயனுள்ள செய்தி. இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தினால் சண்டை வரும். சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால் நா அதனோடு பழகிவிடும். உப்பிலும் அவ்வாறே, குறைந்த உப்புக்கு விருப்பம் மாறுவதற்குச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம். நோயாளிக்குத் தெரிவித்து, அவர் இசைவோடு குறைப்பதே முறை. மறைத்துச் செய்தது தெரியவந்தால், அதன்பின் நீங்கள் தரும் எதையும் அவர் ஐயத்தோடே பார்ப்பார்.

வேறுபாடு உண்மையில் தெரிகிறதா, தெரிவதாகத் தோன்றுகிறதா என்பதைக் கண்டறிய எளிய வழி உண்டு. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட நூலில், பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்ற பெண்மணி ஒருவருக்கான சோதனையை விவரித்தார். எட்டுக் கோப்பைகள், நான்கு ஒரு விதம், நான்கு மறு விதம், வரிசை கலைக்கப்பட்டிருக்கும். வெறும் ஊகத்தால் எட்டையும் சரியாகச் சொல்ல 70-இல் ஒரு வாய்ப்பே உண்டு. வீட்டில் இவ்வளவு தேவையில்லை. ஒரே மாதிரியான மூன்று தம்ளர்களில் இரண்டில் ஒரு பானத்தையும் ஒன்றில் மற்றதையும் ஒரே சூட்டில் ஊற்றி, மாறுபட்டது எது என்று கேளுங்கள். ஊற்றியவர் அறையை விட்டு வெளியேறுவது நல்லது. முகக்குறிப்பே விடையைச் சொல்லிவிடும். இடம் மாற்றி மூன்று முறை செய்து, மூன்றிலும் சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நேர 27-இல் ஒரு வாய்ப்பே இருப்பதால், அவருக்கு வேறுபாடு தெரிகிறது என்று கொள்ளலாம். தெரியவில்லை என்றாலும் அவரைப் பொய்யர் என்று கருத வேண்டாம். எதிர்பார்ப்பும் சுவையை மாற்றும் என்பதற்குச் சான்றுகள் பல. பழச்சாற்றின் நிறத்தை மட்டும் மாற்றினால் பலர் பழத்தின் பெயரையே தவறாகச் சொல்கின்றனர். 2004-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், பெயர் தெரியாமல் இரண்டு கோலா பானங்களைக் குடித்தோரின் விருப்பம் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தது. கோக் என்ற பெயரைக் காட்டியபோது விருப்பம் மட்டுமன்றி, மூளையின் செயல்பாடும் மாறியது.

ஒரு மிடறு குடித்துச் சொல்லும் தீர்ப்பும் முழுக் கோப்பையைக் குடித்துச் சொல்லும் தீர்ப்பும் வேறாக இருக்கலாம் என்பதையும் கவனிக்க. சத்துப் பானங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நோயாளி முதல் மிடற்றில் விரும்பியது பாதித் தம்ளரில் திகட்டக்கூடும். பெரிய டப்பாவாக வாங்கும் முன் சிறிய பொட்டலத்தில் இரண்டு நாள் கொடுத்துப் பாருங்கள்.

நாவை நம்பக் கூடாத இடங்கள்

இரத்தச் சர்க்கரை குறைந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு ஏற்படும்போது உடனடியாக 15 கிராம் அளவு சர்க்கரை உள்ளே செல்ல வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுப்பது போதுமானது. இந்நேரத்தில் ‘டயட்’ அல்லது ‘சீரோ’ வகைக் குளிர்பானமோ, மாத்திரை இனிப்பூட்டி இட்ட தேநீரோ கொடுத்தால் அது இனிக்கும், பயன் தராது. சாதாரணக் கோலாவும் அதன் சர்க்கரையில்லா வகையும் ஒன்றுபோல் இனிப்பதே இங்கே ஆபத்து. வீட்டில் இரண்டும் இருந்தால் வேறு வேறு இடத்தில் வையுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சர்க்கரை அளவைப் பார்த்து, குறைவாகவே இருந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

கருப்பட்டிக் காபியும் நாட்டுச் சர்க்கரைத் தேநீரும் வெள்ளைச் சர்க்கரை இட்டவற்றினின்றும் சுவையில் தெளிவாக வேறுபடும். காய்ச்சும்போது உண்டாகும் மணப்பொருள்களும் சிறிதளவு தாதுக்களும் அச்சுவையைத் தருகின்றன. ஆயினும் இவற்றின் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் அதே சர்க்கரையே. ‘கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது’ என்று நீரிழிவு உள்ளவர் நாளுக்கு மூன்று முறை அருந்துவது சர்க்கரையை அருந்துவதற்கு ஒப்பாகும். அதுபோலப் புளிப்பும் குளிர்ச்சியும் இனிப்பை மறைக்கும். 300 மி.லி. கோலாவில் 30 கிராமுக்குக் குறையாத சர்க்கரை உண்டு. அதே அளவு சர்க்கரையைச் சூடான பாலில் கரைத்தால் எவரும் குடிக்க மாட்டார். உணவின் ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வளர்ந்த ஒருவருக்கு இது நாளுக்கு ஏறத்தாழ 50 கிராம்.

வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் சுவையைத் திருத்த முயல வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உள்ளன. இவ்விகிதத்தில்தான் குடல் நீரை உள்ளிழுக்கிறது. குழந்தை குடிக்கட்டும் என்று கூடுதல் சர்க்கரை சேர்த்தால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு மிகலாம். நீரைக் குறைத்துக் கரைத்தால் உப்பு மிகுந்து ஆபத்தாகலாம். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரிலேயே முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காதபோது ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். அது கண்ணீரைவிட உவர்ப்பாக இருக்கலாகாது. இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். கடைகளில் இதே போன்ற உறையில், இதே போன்ற சுவையில் விற்கப்படும் பழச்சுவைப் பானங்கள் இதற்கு ஈடாகா. குளிர்பானமும் ஈடன்று. இளநீரில் சோடியம் குறைவு என்பதால் அதுவும் தனியே போதாது.

சிறுநீரக நோய் உள்ளோர்க்கு இளநீர் வேறொரு காரணத்தால் கவனத்துக்குரியது. அதில் பொட்டாசியம் மிகுதி. நாவுக்கு அது தெரியாது. குறைந்த சோடியம் உப்பு என விற்கப்படுவதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். அவ்வுப்பை இட்ட மோர் வழக்கமான மோர் போலவே இருக்கும். சற்றே கசப்பு தட்டலாம். சிறுநீரகம் செயல் குறைந்தவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் இரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு பாதிக்கப்படும்.

குடிநீரின் சுவை அதன் பாதுகாப்பைச் சொல்லாது. கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்று இந்தியத் தரநிலை கூறுகிறது. உவர்ப்பை நா கண்டுகொள்ளும். ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு 1 மி.கி.; வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மி.கி. வரை. அதை நா கண்டுகொள்ளாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களையும் எலும்புகளையும் பாதித்த நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. காலரா, டைபாய்டு கிருமிகளுக்கும் சுவை இல்லை. குழாய் நீரில் இலேசான குளோரின் வாடை வருவது கிருமிநீக்கம் நடந்ததன் அடையாளம்; அதை வெறுத்து, சுவையான கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடிப்பது சரியான தேர்வு அன்று. குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் மூடிச் சிறிது நேரம் வைத்தால் வாடை குறையும்.

நோயும் மருந்தும் சுவையை மாற்றும் விதம்

சுவை மொட்டுகளின் செல்கள் ஏறக்குறைய 10 நாள்களில் புதுப்பிக்கப்படுகின்றன. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் புற்றுநோய் மருந்துகள் இவற்றையும் பாதிப்பதால், நீரும் தேநீரும் உலோகச் சுவையாகத் தெரியலாம். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெறுவோர்க்கு உமிழ்நீரும் குறையும். சுவை மீளப் பல மாதங்கள் ஆகலாம். சிறுநீரகச் செயலிழப்பில் உமிழ்நீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆவதால் வாயில் கெட்ட சுவை நிற்கும்.

மருந்துகளுள் மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையைத் தருவதற்குப் பெயர் பெற்றது. மெட்ஃபார்மின், கேப்டோப்ரில், லித்தியம், கிளாரித்ரோமைசின் ஆகியவையும் சிலருக்குச் சுவையை மாற்றும். கண் அழுத்த நோய்க்கும் வேறு சில நிலைகளுக்கும் தரப்படும் அசிடசோலமைடு ஒரு விந்தையான விளைவை உண்டாக்கும்: சோடாவின் சுறுசுறுப்பு மறைந்து அது சப்பென்று தெரியும். கரியமில வாயுவை அமிலமாக மாற்றி நாவுக்கு உணர்த்தும் நொதியை அம்மருந்து தடுப்பதே காரணம். சோடா கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் வாதிட வேண்டாம். எந்த மருந்தாயினும், சுவை மாறியது என்பதற்காக நீங்களாகவே நிறுத்தக் கூடாது. மாற்று உண்டா என மருத்துவரிடம் கேளுங்கள்.

கோவிட் முதலிய வைரஸ் தொற்றுக்குப் பின் மணம் இழந்தவர்களுள் சிலருக்கு மீளும் காலத்தில் மணங்கள் திரிந்து தெரியும். காபி கருகிய நாற்றமாகவோ அழுகலாகவோ தோன்றுவது அடிக்கடி சொல்லப்படும் குறை. இவர்கள் குளிர்ந்த, மணம் குறைந்த பானங்களை எளிதாக ஏற்பர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, ஒவ்வொன்றையும் சில நொடிகள் கவனத்தோடு முகரும் பயிற்சி பல வாரங்களில் சிலருக்குப் பயன் தருகிறது. மணம் தெரியாதவர் வீட்டில் கெட்ட பாலும் எரிவாயுக் கசிவும் கவனிக்கப்படாமல் போகும் என்பதால் இவற்றை மற்றொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதுமையில் மணவுணர்வும் தாகவுணர்வும் சேர்ந்தே குறைகின்றன. ‘தாகம் இல்லை’ என்பதும் ‘தண்ணீர் ருசிக்கவில்லை’ என்பதும் ஒரே முதியவரிடமிருந்து வந்தால், கோடைக் காலத்தில் அது அலட்சியப்படுத்தத்தக்கதன்று.

பராமரிப்பவர் என்ன செய்யலாம்?

பானம் கொடுக்கும் முன் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதியளவு உப்பும் கலந்து கொப்பளித்துத் துப்பலாம். உலோகச் சுவை இருப்பின் எவர்சில்வர் தம்ளருக்குப் பதிலாகக் கண்ணாடி அல்லது பீங்கான் கோப்பையைத் தாருங்கள். எளிய மாற்றம், ஆனால் பலருக்கு உதவுகிறது. வாய்ப்புண் இல்லாதவர்க்குச் சில துளி எலுமிச்சையும் புதினாவும் உலோகச் சுவையை மறைக்கும். மணம் குமட்டினால் பானத்தை ஆறவைத்து, மூடியும் உறிஞ்சுகுழலும் உள்ள கோப்பையில் கொடுக்கலாம். பக்கவாதம் முதலியவற்றால் விழுங்குவதில் இடர் உள்ளவர்க்கு உறிஞ்சுகுழல் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தால் அதைக் கடைப்பிடியுங்கள்.

வெறுத்த பானத்தை அன்றே மீண்டும் நீட்டுவதில் பயனில்லை. குமட்டலின்போது குடித்த பானத்தின் மேல் நீடித்த வெறுப்பு படியும். ஆதலின் மிகவும் விரும்பும் பானத்தைச் சிகிச்சை நாளில் கொடுக்காமல் பிற நாளுக்கு வைத்துக்கொள்வது அறிவுடைமை. நீரின் அளவுக்கு மருத்துவர் வரம்பு விதித்திருக்கும் சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு மட்டும், ‘நிறையக் குடியுங்கள்’ என்ற பொது அறிவுரை பொருந்தாது.

கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்தான் ருசி தெரிகிறது என்பவர்களுக்கு ஒரு சொல். 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. டவராவில் ஆற்றிக் குடிக்கும் வழக்கம் நல்லது.

மருந்தின் கசப்பை மறைக்கப் பானத்தில் கலப்பதற்கு முன் மருந்தாளுநரைக் கேளுங்கள். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் ஆகியவற்றைப் பாலும், இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரும், தைராய்டு மாத்திரையைக் காபியும் உடலில் சேரவொட்டாமல் தடுக்கும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

சளியோ காய்ச்சலோ தணிந்த பின்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் சுவையோ மணமோ மீளவில்லை எனில் மருத்துவரைக் காணுங்கள். தலையில் அடிபட்ட பின் மணம் போனாலும், காரணமின்றிப் படிப்படியாகக் குறைந்தாலும் காத்திருக்க வேண்டாம். பார்க்கின்சன் நோயில் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே மணவுணர்வு குறைவதுண்டு. முகம் ஒருபுறம் கோணி, அதனோடு சுவையும் மாறினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறுநீர் அடர்நிறமாகி அளவு குறைதல், தலைசுற்றல், குழப்பம், குழந்தைக்குக் கண்கள் குழிவிழுதல் ஆகியவை நீரிழப்பின் அடையாளங்கள். இவற்றிலும் தாமதம் கூடாது.

செல்லும்போது உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்துகள் உட்பட, உடன் கொண்டுசெல்லுங்கள். மாற்றம் எந்நாளில் தொடங்கியது, எந்தப் பானத்தில் முதலில் தெரிந்தது, மூக்கைப் பிடித்துக் குடிக்கும்போது இனிப்பும் உப்பும் தெரிகின்றனவா என்பவற்றைக் குறித்து வைத்திருந்தால், குறை நாவிலா மூக்கிலா என்பதை மருத்துவர் விரைவில் அறிவார். தமிழ்நாட்டில் உள்ளோர் உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.